ஊசி மருந்தும் ஊர்க் கடையும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவி)

2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எக்ஸ்ப்லிஃபெப் என்னும் ஊசி மருந்துக்கு அனுமதி அளித்தது. செஃபிபிம் என்ற பழைய மருந்தும் என்மெட்டாசோபாக்டம் என்ற புதிய பொருளும் சேர்ந்த கலவை அது. அந்தப் புதிய பொருளைக் கண்டுபிடித்தது நம் சென்னையின் ஆர்கிட் நிறுவனம்! வேதியியல் படிக்கும் நமக்கு இது பெருமைதான்.

செஃபிபிம் மூலக்கூறில் நான்கு அணுக்களாலான பீட்டா-லாக்டம் வளையம் உண்டு. கிருமியைக் கொல்வது அதுவே. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவற்றில் சில, அவ்வளையத்தை உடைக்கும் நொதியைச் சுரக்கக் கற்றுவிட்டன. என்மெட்டாசோபாக்டம் அந்நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கும், சிறுநீரகம் வரை ஏறிவிட்ட தொற்றுக்கும் இதை நரம்பு வழியே 8 மணிக்கு ஒருமுறை ஏற்றுகிறார்கள். 1,041 பேர் சேர்க்கப்பட்ட ஆய்வில், கணக்கில் கொள்ளப்பட்டவர்களுள் 79 சதவீதத்தினருக்கு முழுப் பலன் கிடைத்தது. ஒப்பிட்ட மருந்தில் 59 சதவீதம்தான்.

சரி, கிருமிகள் இந்த வித்தையை எங்கே கற்றன? ஒரு பள்ளிக்கூடம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது.

களையெடுக்கப் போகும் பெண்கள் பகல் முழுதும் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே! நீர்க்கடுப்பு வந்தால் டாக்டரிடம் சொல்ல வெட்கம். என் சித்தி மருந்துக்கடையில் "கடுப்புக்கு மாத்திரை" என்று கேட்டு வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். கிடைத்தவை மூன்று. இரண்டிலேயே வலி குறைந்தது. மூன்றாவது அடுத்த முறைக்கென்று அஞ்சறைப் பெட்டிக்குள் போயிற்று. சாகாமல் தப்பிய கிருமிதான் மறுமுறை வலுத்து வருகிறது.

கடைக்காரரைத் திட்டுவது எளிது. செஃபிக்ஸிம் முதலிய 46 மருந்துகளைச் சீட்டின்றி விற்கக் கூடாது, வாங்குபவர் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்1 விதி 2014-லேயே நடப்புக்கு வந்துவிட்டது. ஆனால் சீட்டு எழுதித் தரும் டாக்டரிடம் போவதற்கு ஒரு நாள் கூலி போகும். பஸ் செலவு வேறு.

புதிய ஊசியின் குறிப்பேட்டிலேயே, அதற்குக் கட்டுப்படும் கிருமிதான் என்று நிரூபணமானால், அல்லது வலுவான சந்தேகம் இருந்தால் மட்டுமே போட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நிரூபிப்பது எப்படி? சிறுநீரைக் கல்ச்சர் செய்துதான். அச்சோதனை தாலுகா ஆஸ்பத்திரி வரையிலேனும் இலவசமாக நடக்க வேண்டும். கேட்டுக்கொள்ள ஒரு பெண் டாக்டரோ நர்ஸோ அங்கு இருக்க வேண்டும். இல்லையேல் சென்னை கண்டுபிடித்த பூட்டுக்கும் கிருமிகள் கள்ளச்சாவி செய்துவிடும். அதற்குப் பத்தாண்டு கூட ஆகாது என்பது என் அச்சம்.