வீட்டு வலையத்திலும் ஆங்கிலப் பெயரா?

வீட்டில் இரண்டு கணிப்பொறிகள். ஒன்று கம்பிவழித் திசைவியோடு பிணைந்தது. மற்றொன்று வைபை எனப்படும் அருகலையால் இணைந்தது. ஒன்றிலுள்ள கோப்பை மற்றொன்றில் திறந்து படிக்கலாம். இடையே அலுவலரும் இல்லை. நடுவணரசின் ஆணையும் இல்லை. பகிர்ந்து வைத்த கோப்புறைக்கு என்ன பெயர் என்பதை முடிவு செய்வோர் வீட்டாரே. அங்ஙனமிருந்தும் அப்பாவின் நிலப்பத்திரமும் தங்கையின் திருமணப் படங்களும் ஆங்கில எழுத்துப் பெயர்களுக்குள்தாம் அடைந்து கிடக்கின்றன. இந்தியைத் திணித்தோரை எதிர்த்து நின்றோம். இதை நம் வீட்டுக்குள் திணித்தவர் எவர்?

கேட்டால், “தமிழில் பெயரிட்டால் அடுத்த கணிப்பொறியில் கட்டங் கட்டமாகத் தெரியும்” என்பர். கணிப்பொறி பழுது பார்க்க வருவோரும் இதையே ஓதிவிட்டுப் போகின்றனர். ஒரு காலத்தில் அது மெய்யே. எழுத்துருவுக்கொரு குறியீடு என்றிருந்த நாளில், ஒரு பொறியில் தமிழாக இருந்த பெயர் மறு பொறியில் உருக்குலைந்த உரோமன் குப்பையானது. 2010 சூனில் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் பதினாறு நுண்மி அனைத்தெழுத்துக் குறியீட்டையும் தரமாக அறிவித்தது. லினக்சுப் பொறியும் விண்டோசுப் பொறியும் கோப்புப் பகிர உதவும் சாம்பா மென்பொருள், 2003-இல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே ஒருங்குறியை ஏற்றுவிட்டது. கம்பிவழிச் சென்றாலும் அலைவழிச் சென்றாலும் பெயர் மாறுவதில்லை. சுவர் குறுக்கிட்டால் விரைவு குறையும், தமிழ் குறையாது. இருபது ஆண்டுக்கு முன் செத்த கரணியத்தை இன்னும் சுமந்து திரிவானேன்?

ஆயினும் மெய்யான இடர் ஒன்றுண்டு. அதனை மறைத்தல் தகாது. 1992-இல் கென் தாம்சனும் இராப் பைக்கும் வகுத்த யு.டி.எப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. கிரேக்கத்துக்கும் உருசியத்துக்கும் இரண்டு. தமிழ்க்குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. இந்திக்கும் மூன்றுதான், ஆகவே தமிழை மட்டும் ஒதுக்கினர் என்று கூக்குரலிடுதல் நேர்மையாகாது. ஆனால் நமக்குக் கூடுதல் இழப்பு ஒன்றுண்டு. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால், ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துக்கு 15 பைட்டு ஆகின்றது. லினக்சின் எக்சுட்4 கோப்புமுறை ஒரு பெயருக்கு 255 பைட்டே தரும். ஆங்கிலத்தானுக்கு 255 எழுத்து, நமக்கு 85 குறி. விண்டோசில் நூறு குறிகளில் எழுதிய பெயரை வீட்டுச் சேமிப்புப் பெட்டகம் ஏற்க மறுப்பது இதனாலேயே. பெயர் தமிழென்பதால் அன்று, நீளமென்பதால் மறுக்கின்றது. நீளத்தைக் குறைப்பதை விட்டு மொழியையே மாற்றுவது, செருப்புக் கடித்ததென்று காலை வெட்டுவதாகும்.

இன்னொன்று. ‘தொல்காப்பியம்’ என்பதிலுள்ள ஒகரக்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, லினக்சுப் பெட்டகத்துக்கோ அவை வேறு வேறு. ஒரே உறையில் இரண்டு தொல்காப்பியங்கள் கிடக்கும். எது புதியது என்றறியாமல் ஒன்றை அழித்துவிட நேரும். வீட்டார் அனைவரும் தமிழ்99 போன்ற ஒரே விசைப்பலகையைக் கைக்கொண்டால் இத்தொல்லை பெரிதும் நீங்கும். இரு வடிவத்தையும் ஒன்றெனக் கொள்ளுமாறு மென்பொருள் செய்வோரை நெருக்க வேண்டியவர்கள் நம் கணிப்பொறி வல்லுநர்கள். அவர்களோ தத்தம் கோப்புகளுக்கே ஆங்கிலத்தில் பெயரிட்டிருக்கின்றனர்!

அருகலைக்கு இடும் பெயருக்கு எல்லை 32 பைட்டு. சில திசைவிகள் தமிழெழுத்தை ஏற்பதில்லை. வாங்குமுன் கேட்டு வாங்குக. ஏற்பனவற்றில் ‘தமிழில்லம்’ என்னும் பெயர் பத்துக் குறி, 30 பைட்டு, இரண்டு மிச்சமாகும்.