வீடு அவர்களுடையது, மண் யாருடையது?

வீடு சொந்தம், வீடு நிற்கும் மண் மட்டும் பிறருடையது. இப்படியும் ஒரு வாழ்வு உண்டோ என்பீர். உண்டு; செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே, கலிபோர்னியாவிலே உண்டு. ஆலையிலே செய்து, சக்கரத்தின்மேல் ஏற்றிக் கொணர்ந்து, மனையிலே இறக்கிவைக்கும் வீட்டுக்கு மொபைல் ஹோம், அதாவது நகரும் வீடு என்று பெயர். அவை வரிசையாக நிற்கும் வளாகத்தைப் பார்க் என்கின்றனர். வீட்டை விலைகொடுத்து வாங்கியவர், மனைக்கு மாதந்தோறும் வாடகை செலுத்துகிறார். ஓய்வூதியத்தில் காலந்தள்ளும் முதியோரும் குறைந்த வருவாய்க் குடும்பத்தாருமே அங்கு மிகுதி.

நகரும் வீடுதானே, வாடகை கட்டாவிட்டால் வேறிடம் நகர்த்திக்கொள்ளட்டுமே என்பர் மனைக்கு உடையோர். நகர்வு பெயரிலேதான் இருக்கிறது, தோழரே! நிலைநிறுத்திய வீடுகளில் நூற்றுக்கு ஒன்றே மீண்டும் இடம்பெயர்கிறது என்று 1992-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமே தீர்ப்பில் எழுதிற்று. பெயர்த்துச் செல்லும் செலவு வீட்டின் விலையிலே பெரும்பங்கை விழுங்கிவிடும். பழைய வீட்டுக்கு இடந்தர மற்றொரு பார்க் முன்வருவதும் அரிது. வாடகை ஏறினால் குடியிருப்பவர் என் செய்வார்? வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் செலுத்துவார். இயலாதபோது வீட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்.

அந்தத் தீர்ப்பு பிறந்த கதையைக் கேளும். சான் டியாகோவை அடுத்த எஸ்கொண்டிடோ நகரத்து வாக்காளர்கள், 1988-இல் தம் வாக்காலேயே ஓர் ஆணையை நிறைவேற்றினர். மனை வாடகை 1986-ஆம் ஆண்டின் அளவுக்குத் திரும்பவேண்டும். நகரமன்றம் ஒப்பாமல் உயர்த்தலாகாது. உடையோர் வழக்குத் தொடுத்தனர். எமது நிலத்தில் எம் விருப்பத்துக்கு மாறாகப் பிறரை இருத்துவது நிலத்தைப் பறிப்பதே என்பது அவர்கள் வாதம். நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் தீர்ப்பை எழுதினார்: குடிகளை அழைத்து வைத்தவர் நிலத்துக்கு உடையவரே, வாடகைக்கு வரம்பிடுவது நிலத்தைக் கைப்பற்றுவதாகாது. ஒருவரும் மாறுபடவில்லை. ஆயினும், வேறு காரணங்காட்டி வழக்காடும் வாயிலை அவர்கள் அடைத்துவிடவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

வெளியேற்றத்துக்கும் மாநிலச் சட்டம் தடை வைத்திருக்கிறது. சட்டத்தில் எழுதிய காரணங்களன்றி வேறு காரணத்துக்காக ஒருவரை அகற்றலாகாது. 60 நாள் முன்னறிவிப்பும் வேண்டும்.

ஆனால், வேலிக்குள்ளேயே ஓர் ஓட்டை வைத்தார்கள்! 12 மாதத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், சில நிபந்தனைகளின்படி, நகரத்து வாடகைக் கட்டுப்பாடு அந்த மனைக்குப் பொருந்தாது. நீண்டகால ஒப்பந்தம் என்றால் பாதுகாப்பு என்றுதானே எவரும் எண்ணுவர்? பாதுகாப்பை எழுதிக்கொடுத்துவிட்டு வரும் சீட்டு அது!

மாநிலமெங்கும் வாடகைக் கட்டுப்பாட்டையே படிப்படியாக ஒழிக்க 2008-இல் 98-ஆம் முன்மொழிவு வந்தது. வாக்களித்தோரில் நூற்றுக்கு 61 பேர் அதைத் தள்ளினர். ஓட்டையை அடைக்கவோ மேலும் பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று. 2020-இல் இயற்றிய சட்டம், அவ்வாண்டு பிப்ரவரி 13 முதல் எழுதிய ஒப்பந்தங்களுக்கு விலக்கில்லை என்றது. 2025 பிறந்தபோது விலக்கு முழுதும் நீங்கிற்று.

இனி நகரத்து ஆணை எல்லா மனைக்கும் பொருந்தும் என்கின்றனர். ஆணை இருந்தால் அல்லவா பொருந்துவதற்கு! ஏறத்தாழ நூறு ஊர்களில்தான் அது இருக்கிறது. ஏனைய ஊர்களில் 90 நாள் முன்னதாக எழுத்தில் அறிவித்தால் போதும். எவ்வளவு ஏற்றலாம் என்பதற்குப் பெரும்பாலும் வரம்பே இல்லை.