டாப் டென் என்னும் ஜோடனைக் கணக்கு

டிசம்பர் 15 தாண்டினால் போதும், ஆளாளுக்குப் பட்டியலோடு கிளம்பிவிடுகிறார்கள். இந்த வருஷம் படித்ததில் பிடித்த பத்து. பார்த்ததில் பிடித்த பத்து. அப்புறம் கடைசியாக, கொஞ்சம் கூச்சத்தோடு ஆரம்பித்துக் கூச்சமே இல்லாமல் முடியும் 'இந்த வருஷம் சாதித்தவை'. பராக் ஒபாமா போடுகிறார், பில் கேட்ஸ் போடுகிறார், பக்கத்து வீட்டு பி.காம் இரண்டாம் வருஷமும் போடுகிறது.

போட்டால் போடட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. அது அந்தப் பட்டியலில் எங்கேயும் எழுதப்படுவதில்லை என்பதுதான் பிரச்னையே.

முதலில் கணக்கையே பார்த்துவிடலாம். லூக்கா பச்சியோலி என்ற இத்தாலியத் துறவி 1494-ல் வெனிஸில் அச்சிட்ட கணிதப் புத்தகத்தில் இரட்டைப் பதிவு முறையை விளக்கி எழுதினார். வியாபாரிகள் அதற்கு முன்பே கையாண்டு வந்த முறைதான். அதன் சாரம், பதினோராம் வகுப்பில் காமர்ஸ் எடுத்த எல்லோருக்கும் தெரியும்: ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு ஒன்று உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுக் கணக்கு முடிந்தது என்று சொன்னால் தேர்வுத்தாளில் பூஜ்யம் விழும். வருஷக் கடைசிப் பட்டியல் அந்த ஒரு பக்கக் கணக்குதான். முப்பது புத்தகம் படித்தது வரும்; அந்த முப்பதுக்காக விட்டுப்போன தூக்கமும், போகாமல் விட்ட கல்யாணமும், எடுக்காமல் விட்ட அம்மாவின் போனும் வராது.

கணக்குப்பதிவியலில் இன்னொரு கோட்பாடு உண்டு. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு. வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கீடு செய், கைக்கு வராத லாபத்தை எழுதாதே. சாதனைப் பட்டியல்கள் இதை அப்படியே தலைகீழாகப் போட்டுவிட்டன. "ஜெர்மன் கற்க ஆரம்பித்தேன்" என்பது சாதனை. அது மூன்றாவது பாடத்தில் செத்துப்போனது எங்கேயும் இல்லை. கம்பெனிக் கணக்கில் இப்படிச் செய்தால் அதற்குப் பெயர் ஜோடனை. இன்னும் கொஞ்சம் துணிந்து செய்தால் சத்யம். 2009 ஜனவரி 7-ஆம் தேதி ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். பட்டியல் போடுகிறவர்கள் யாரும் கோடிகளை ஏமாற்றவில்லைதான். ஆனால் நல்லதை ஊதிக் காட்டி கெட்டதை மறைக்கும் புத்தி இரண்டுக்கும் ஒன்றேதான்.

இதைவிடப் பெரிய அநியாயம், பாதியில் நிற்கும் வேலைக்கு இந்தப் பட்டியல்களில் இடமே கிடையாது என்பது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. மார்ச் 31 ராத்திரி மேஜை மேல் பாதி தைத்த பீஸ்கள் கிடக்கின்றன. கை தைத்தாயிற்று, கழுத்து தைக்கவில்லை. ஆடிட்டர் வந்து "இது முடியவில்லை, ஆகவே இது சரக்கே இல்லை" என்று சொல்வாரா? மாட்டார். பாதி முடிந்த சரக்கு என்று தனித் தலைப்பே இருக்கிறது. ஆன செலவு அல்லது விற்றால் கிடைக்கும் நிகரத் தொகை, இரண்டில் எது குறைவோ அந்த மதிப்பில் அது கணக்கில் ஏறும். பனியனுக்குக் கிடைக்கிற இந்த மரியாதை மனுஷனுக்குக் கிடைப்பதில்லை. மூன்றாம் பாகத்தில் நிற்கும் பொன்னியின் செல்வன், எட்டு மாதமாகக் கற்றும் இன்னும் கச்சேரிக்குத் தயாராகாத வீணை, கிடைக்காமல் போன வேலைக்காகப் போன நான்கு இண்டர்வியூ... எல்லாமே சைபர்.

சி.ஏ. படிக்கிற பையன்களைக் கேட்டால் இது இன்னும் நன்றாகப் புரியும். இண்டர்மீடியட்டில் ஒரு குரூப்புக்கு மூன்று தாள். தாளுக்குக் குறைந்தது 40 வேண்டும், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். ஒருவன் 58, 55, 38 எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கூட்டிப் பாருங்கள், 151. முந்நூறுக்கு ஐம்பது சதவீதத்தைத் தாண்டிவிட்டான். ஆனால் மூன்றாவது தாளில் இரண்டு மார்க் குறைவு, குரூப்பே போச்சு. நிறுவனத்தின் விதி அது, தகுதிக்கு ஓர் எல்லை வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் டிசம்பர் 31-ஆம் தேதி ராத்திரி அந்தப் பையன் தன் வருஷத்தைத் திரும்பிப் பார்க்கும்போது அதே விதியைத் தன் மேலும் போட்டுக்கொள்கிறான் பாருங்கள், அது தப்பு. அவனுக்குப் பாடம் தெரியும். இரண்டு தாளில் எல்லையைத் தாண்டியவன் அவன். கூடப் படித்தவர்களின் சாதனைப் பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "என்னோட 365 நாளும் வேஸ்ட்" என்று படுக்கப் போகிறான். மேலே கேட்ட நஷ்டம் இதுதான். போட்டவர் யாருக்கும் இது தெரியப் போவதுமில்லை.

அடுத்தது எண்ணிக்கை வியாதி. குட்ரீட்ஸ் 2011-ல் வருஷாந்திர வாசிப்புச் சவாலை ஆரம்பித்தது. வருஷத் தொடக்கத்தில் ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டு, படித்து முடித்த புத்தகங்களால் அதை நிரப்ப வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் தொண்ணூறு பக்கமும் ஒன்று, தொள்ளாயிரம் பக்கமும் ஒன்று. கோபல்ல கிராமமும் ஒன்று, போரும் அமைதியும் ஒன்று. பொன்னியின் செல்வன் ஒன்றா ஐந்தா என்பது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது. :-) நவம்பர் தாண்டியும் எண் நிரம்பவில்லை என்றால் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? ஒல்லியான புத்தகமாகத் தேட ஆரம்பிக்கிறார்கள்.

மார்ச் கடைசி வாரத்தில் வங்கிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இலக்கை எட்ட டெபாசிட் தேடி ஓடுவார்கள். மார்ச் 31 அன்று பேலன்ஸ் ஷீட் குண்டாகத் தெரியும், ஏப்ரலில் அதே பணம் வந்த வழியே போய்விடும். சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1975-ல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்ன ஒரு விஷயம் பிறகு அவர் பெயராலேயே விதியாகிவிட்டது: ஓர் அளவுகோலையே இலக்காக்கிவிட்டால் அது அளவுகோலாக இருக்கும் தகுதியை இழந்துவிடுகிறது. அவர் வங்கிப் பணத்தை மனதில் வைத்துச் சொன்னார், வாசிப்புக்கும் அச்சாகப் பொருந்துகிறது. மோகமுள்ளை இரண்டாவது தடவை மெதுவாகப் படித்தவனுக்கு இந்த ஆட்டத்தில் என்ன பெருமை இருக்கிறது? அந்த நேரத்தில் ஆறு புதுப் புத்தகம் முடித்திருக்கலாமே என்றுதான் எண் சொல்லும்.

சரி, எண்ணை விடுங்கள். பிடித்ததைச் சொல்வது நேர்மையான விஷயம்தானே என்றால், டிசம்பரில் அதுவும் கஷ்டம். டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 1993-ல் வெளியிட்ட ஒரு சோதனை இது. ஆட்களை 14 டிகிரி குளிர்ந்த நீரில் ஒரு நிமிஷம் கை வைத்திருக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே ஒரு நிமிஷம், அதன்மேல் இன்னும் முப்பது வினாடி. அந்த முப்பது வினாடியில் தண்ணீர் 15 டிகிரிக்கு ஏறும். மறுபடி செய்ய எது வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் நீண்ட வேதனையைத்தான் கேட்டார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். மனுஷ ஞாபகம் மொத்தத்தைக் கூட்டுவதில்லை. உச்சத்தையும் முடிவையும் பிடித்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட ஞாபகத்தை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மாதத்துக்குத் தீர்ப்பு எழுதினால், பிப்ரவரியில் படித்த நல்ல நாவல் தோற்கும், போன வாரம் பார்த்த சீரிஸ் ஜெயிக்கும்.

நினைவை நம்ப வேண்டாம், கம்ப்யூட்டர் எண்ணித் தரும் என்கிறார்களா? ஸ்பாட்டிஃபை 2016 முதல் 'ராப்டு' என்ற பெயரில் வருஷக் கணக்கு தருகிறது. அது வெளியாவது டிசம்பர் முதல் வாரத்தை ஒட்டி. ஆக, மார்கழி முழுக்க விடியற்காலையில் கேட்கிற திருப்பாவை எப்படி அந்த வருஷத்துக் கணக்கில் வரும்? அதுகூடப் பரவாயில்லை. கோடிக்கணக்கான பேர் அந்தக் கலர் அட்டையைத் தங்கள் 'சாதனை'யாகப் பகிர்ந்து, ஒரு கம்பெனிக்குச் சம்பளமில்லாத விளம்பர ஏஜெண்ட் வேலை பார்க்கிறார்கள். மார்க்கெட்டிங் பாடத்தில் இதைவிட மலிவான உதாரணம் கிடைக்காது.

தமிழ்ப் புத்தகங்களுக்கு இன்னொரு சிக்கல். புதுப் புத்தகங்கள் பெருமளவில் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி வருகின்றன. காட்சி நடப்பதோ டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும். 'இந்த ஆண்டின் சிறந்த நூல்கள்' என்று டிசம்பர் 20-ஆம் தேதி தீர்ப்பு சொல்கிறவர், அப்போதுதான் அச்சகத்திலிருந்து வரும் புத்தகத்தை எப்போது படித்தார்?

நல்ல படைப்புக்கும் காலண்டருக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. 2003 பொங்கலுக்கு அன்பே சிவம் வந்தது, கல்லா நிரம்பவில்லை. அதே பொங்கலுக்கு வந்த தூள்தான் வசூல் அள்ளியது. இன்றைக்கு எதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. 2010 பொங்கலுக்கு வந்து உதைபட்ட ஆயிரத்தில் ஒருவன் 2021 டிசம்பர் 31-ல் மறுபடி தியேட்டருக்கே வந்தது. அமெரிக்காவில் 2002 முதல் 2008 வரை ஓடிய 'தி வயர்' தொடருக்கு ஒரு எம்மி விருதுகூடக் கிடைக்கவில்லை. தொலைக்காட்சியின் மிகச் சிறந்த தொடர்கள் என்று பேசும்போது இன்று அதை விட்டுவிட்டு யாரும் பேசுவதில்லை. ஹெர்மன் மெல்வில் மோபி டிக்கை 1851-ல் வெளியிட்டார். அவர் 1891-ல் இறந்தபோதும் அதை மதித்தவர் சிலரே. உலகம் அதைக் கண்டெடுக்க 1920-கள் ஆனது. அந்தந்த வருஷத்து டிசம்பரில் இவற்றுக்கெல்லாம் என்ன இடம் கிடைத்திருக்கும்?

இதற்குப் பட்டியல்காரர்கள் சொல்லும் ஒரே நல்ல பதில்: பட்டியல் இல்லாவிட்டால் புதிதாகப் படிக்க வருகிறவனுக்கு எதுவும் தெரியாமல் போகும். நியாயம்தான். க.நா.சு.வைப் பட்டியல் போடுகிறவர் என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் அவர் 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டு எழுதியபோது ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து வைத்து, அதில் என்ன இருக்கிறது, ஏன் படிக்க வேண்டும் என்று பேசினார். எந்த வருஷத்துப் புத்தகம் என்பது அவருக்குப் பெரிய விஷயமாக இல்லை. மற்றவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகப் போட்ட பட்டியல் அது. இப்போது வருவது, தான் படித்ததை மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகப் போடுவது. அட்டைப் படங்களை மூணுக்கு மூணு அடுக்கி வைத்தால் போதும், ஒரு வரி எழுத வேண்டியதில்லை!

எனவே, பட்டியல் போட்டே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு ஆடிட்டரின் குறைந்தபட்சக் கோரிக்கைகள்:

1. பாதியில் விட்ட புத்தகங்களையும் எழுதுங்கள், எந்தப் பக்கத்தில், ஏன் விட்டது என்பதோடு. படிக்க வருகிறவனுக்கு முடித்த பத்தைவிட அதுதான் உபயோகம்.

2. மறுபடி படித்தவை, மறுபடி பார்த்தவை தனியாக வரட்டும். பழைய சரக்கிருப்பைச் சேர்க்காமல் கணக்கு முடியாது.

3. சாதனைகளுக்குப் பக்கத்திலேயே வாராக்கடன் என்று ஒரு தலைப்பு. ஆரம்பித்துச் செத்தவை எல்லாம் அங்கே போகட்டும்.

4. அதற்கும் கீழே, பாதி முடிந்த சரக்கு. இது வெட்கப்பட வேண்டிய தலைப்பு இல்லை. எந்தத் தொழிற்சாலையும் மார்ச் 31-ஆம் தேதி மேஜை காலியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில்லை. மேஜை காலி என்றால் மறுநாள் வேலை இல்லை என்று அர்த்தம்.

இந்த நாலும் சேர்ந்த ஒரே ஒரு பட்டியலை டிசம்பர் 31 ராத்திரி அந்த 58, 55, 38 எடுத்த பையன் படித்தால் போதும். அடுத்த அட்டெம்ப்ட்டுக்கு அவன் ஃபீஸ் கட்டிவிடுவான்.

பி.கு: இந்தியாவில் நிதியாண்டு மார்ச் 31-ல்தான் முடிகிறது. பட்டியல் போடுகிறவர்களுக்குக் கணக்கைச் சரிபார்க்க இன்னும் மூன்று மாதம் அவகாசம் இருக்கிறது.