முந்நூறு ரூபாய்க்கு எழுத்தாளர்

(எழுதியது: பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

மணி அடிக்கிறதுக்குள்ள நீங்க படிச்சு முடிக்கணும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பத்து நாளாக நம் பள்ளியில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. யார் யார் வீட்டுப் போனிலோ வந்து, இப்போது எல்லோருக்கும் மனப்பாடம். வளரும் எழுத்தாளர்களுக்கு அரிய வாய்ப்பாம். 300 ரூபாய் கட்டினால் உங்கள் கவிதையோ கதையோ அறுபது பேர் எழுதும் ஒரு தொகுப்பு நூலில் வருமாம். 'இணை ஆசிரியர்' என்று பெயர் போட்டு, கலர் கலராகச் சான்றிதழும் உண்டு. புத்தகம் வேணும்னா அதுக்குத் தனி விலை! வருகிற திங்கட்கிழமை கடைசி நாள். எங்கள் வகுப்பில் மட்டும் ஏழு பேர் பணத்தோடு தயார். அதில் ஒருத்தி சுற்றுலாவுக்குச் சேர்த்து வைத்திருந்த காசை எடுத்திருக்கிறாள்.

கட்டாதீங்க. இதுதான் நான் சொல்ல வந்தது. காரணத்தைப் படிச்சிட்டு அப்புறம் திட்டுறவங்க திட்டலாம்.

முதலில் கணக்கு. அறுபது பேர், ஆளுக்கு 300 என்றால் 18,000 ரூபாய். புத்தகம் அச்சாகும் முன்பே அவர்களுக்கு வரவேண்டியது வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை ஒருத்தர்கூட கடையில் வாங்க வேண்டியதில்லை. ஒரு பதிப்பாளர் அப்படி இல்லை. காகிதம், அச்சுக்கூலி, அட்டைப்படம் எல்லாம் அவர் கைக்காசு. விற்றதில் ஒரு பங்கை ராயல்டி என்று எழுதியவருக்குக் கொடுப்பார். விற்காவிட்டால் கட்டுக்கட்டாக அவர் கிடங்கில்தான் கிடக்கும். அந்தப் பயம் இருப்பதால்தான் ஒரு வரி விடாமல் படித்துப் பார்க்கிறார், இது வேண்டாம் என்கிறார், அந்த அத்தியாயத்தை மாத்துங்க என்கிறார். நம்மிடமே பணம் வாங்கிவிட்டவருக்கு என்ன பயம்? எதுக்குப் படிக்கணும்? "இதுவரை எத்தனை கவிதையைச் சரியில்லைன்னு திருப்பி அனுப்பினீங்க?" என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.

அந்தச் செய்தியோடு ஒரு விண்ணப்பப் படிவமும் வந்ததே, அதை யாராவது முழுசாகப் படித்தீர்களா? ஐ.எஸ்.பி.என். எண் வாங்கித் தருவதற்கும் சேர்த்துத்தான் கட்டணம் என்று போட்டிருக்கிறது. நம் நாட்டில் அந்த எண்ணை மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான அமைப்பு இலவசமாகவே தருகிறது. கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: படைப்பின் முழு உரிமையும் வெளியிடுபவருக்கே. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி நீங்கள் எழுதி முடித்த உடனேயே அதன் உரிமை உங்களுடையது. எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 வருடமும் அது நிற்கும். பேரன் பேத்தி வரைக்கும் வரக்கூடிய சொத்தை நாம பணத்தையும் கொடுத்து எழுதிக் கொடுக்கிறோம்! அதோடு, பத்திரிகைகள் வேறு எங்கும் வெளிவராத கதையைத்தான் கேட்கின்றன. அங்கே ஒருமுறை வந்துவிட்டால் அந்தக் கதையை அப்புறம் வேறெங்கும் அனுப்ப முடியாது.

தொகுப்பு நூல் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. 1962-இல் 'புதுக்குரல்கள்' என்று ஒரு தொகுப்பு வந்தது. 24 கவிஞர்கள், 63 கவிதைகள். போட்டவர் சி.சு. செல்லப்பா. 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, அப்போது பலரும் கவிதை என்றே ஒத்துக்கொள்ளாத புதுக்கவிதையை அதில் வெளியிட்டு, அப்படி வந்ததிலிருந்து தேர்ந்தெடுத்த தொகுப்பு அது. அந்தக் கவிஞர்களில் பலர் பெயர் இன்றைக்கும் நிற்கிறது. ஒருவர் உட்கார்ந்து படித்து, இது வேணும், இது வேண்டாம் என்று பிரித்திருக்கிறார், பாருங்கள். சொந்தக் காசில் புத்தகம் போடுவதும் கேவலம் கிடையாது. அதே செல்லப்பா தன் வெளியீடுகளைப் பையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அவர் சான்றிதழுக்காகவா அலைந்தார்? யாராவது படிக்கணும் என்று அலைந்தார். (இன்றைக்குக் கிண்டிலில் காசு கட்டாமலேயே தமிழ்ப் புத்தகம் ஏற்றலாம். ஆனால் அதையும் நாலு பேரிடம் படிக்கக் கொடுத்துவிட்டு ஏற்றுவது நல்லது.)

"இப்பவே வந்தாத்தான் உண்டு, விட்டா வாய்ப்பு போயிடும்" என்று சொல்கிறார்களே, அது எனக்குச் சிரிப்பாக வருகிறது. நம்ம கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன், பள்ளிப் படிப்பையே முடிக்காத விவசாயி. அவருடைய 'மாயமான்' கதை 'சரஸ்வதி' பத்திரிகையில் வந்தது 1958-இல். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 1991-இல் சாகித்திய அகாதெமி விருதே வாங்கினார். எழுத்தாளர் இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய முதல் நாவல் 'கோவேறு கழுதைக'ளை 1994-இல் வெளியிட்டது க்ரியா. கையெழுத்துப் படியை வரிவரியாகச் செப்பனிடுவதற்கென்றே பேர் வாங்கிய பதிப்பகம் அது. நமக்குப் பதினாறு வயசுதான் ஆகிறது. திங்கட்கிழமைக்குள் என்ன அவசரம்?

சரி, அப்ப எங்கேதான் அனுப்புறது? பத்திரிகைகளில் அனுப்பும் முறையைப் பெரும்பாலும் உள்பக்கத்தில் போட்டிருப்பார்கள். முன்பெல்லாம் தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, சுயவிலாசமிட்டுத் தபால்தலை ஒட்டிய உறையும் வைக்க வேண்டும் என்பார்கள். இப்போது பெரும்பாலும் யூனிகோடில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். ஒரே கதையை ஒரே நேரத்தில் நாலு இடத்துக்கு அனுப்பக் கூடாது. பதில் வர மாசக்கணக்கில் ஆகலாம், வராமலேயும் போகலாம். இன்னொரு முக்கியமான விஷயம், எந்தப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறோமோ அதை நாலு இதழாவது வாங்கிப் படிச்சிருக்கணும். நம்மில் பலர் அதைச் செய்வதே இல்லை. பள்ளிக் கல்வித்துறை 2022-இல் 'தேன்சிட்டு' தொடங்கியபோது அதில் மாணவர் படைப்புக்கும் இடம் வைத்தார்கள். நம் தங்கைகளில் எத்தனை பேர் எழுதி அனுப்பினார்கள்?

இனிமேல் எழுதுவது கொஞ்சம் கசக்கலாம். ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பணத்தோடு தயாராக இருக்கிற ஏழு பேரில் என் பெஞ்சுத் தோழியும் ஒருத்தி. போன வருடம் தன் ஆச்சி பீடி சுற்றுவதைப் பற்றி ஒரு கதை எழுதி, இந்தச் சுவர்ப் பத்திரிகைக்கென்று நூலக வாசலில் வைத்திருக்கும் பெட்டியில் போட்டாள். வரவில்லை. அடுத்த மாதமும் பார்த்தாள், வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, கதையும் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் அவள் எழுதவே இல்லை. இப்போது நான் கட்டாதே என்றதும் அவள் சொன்னது: "ஏட்டி, அவங்களாவது போடுதோம்னு சொல்லுதாங்கல்லா."

இதுக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு சார்ட்டில் எட்டுப் படைப்புக்குத்தான் இடம், பெட்டியில் விழுவதோ நாற்பதுக்கு மேலே. எல்லாவற்றையும் ஒட்ட முடியாது, ஒட்டவும் கூடாது. நம் தமிழம்மா அத்தனை வகுப்புக் கட்டுரை நோட்டுகளையும் திருத்திவிட்டு இதையும் பார்க்கிறார்கள், அதுவும் தெரியும். ஆனால் வேண்டாம் என்று வைத்த தாளின் பின்பக்கம் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தால் போதுமே. 'தொடக்கம் நன்று, முடிவு திடீரென வருகிறது' என்கிற மாதிரி. தன் எழுத்தை யாரோ ஒருத்தர் படித்தார் என்று தெரிந்தவள் முந்நூறு ரூபாயைத் தூக்கிக்கொண்டு எவரிடமும் போக மாட்டாள் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கதையை அவளுடைய பழைய நோட்டிலிருந்து வாங்கி நான் படித்தேன். ஆச்சி மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டே பேத்திக்கு வாய்ப்பாடு சொல்லித் தரும் இடம் ரொம்ப நல்லா இருக்கு. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வாய்ப்பாடு. கடைசியில் லாரி வந்து மோதுவதுதான் எதற்கென்று புரியவில்லை. இதை அப்படியே அவளிடம் சொன்னேன். ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூணாம் நாள், "லாரியை எடுத்துட்டா அப்புறம் ஆச்சியை என்ன செய்ய?" என்று கேட்டாள்.

தமிழம்மாவிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். கிடைத்தால் வெள்ளிக்கிழமை தோறும் மதிய உணவு இடைவேளையில் நானும் இன்னும் ரெண்டு பேரும் நூலக வாசலில், அந்தப் பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். எழுதினதைக் கொண்டு வாங்க. ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், பின்பக்கம் எங்களுக்கு வேணும்.