'மோசம்' என்று டிக் அடித்த வீடு

குத்தாலம் என்றதும் வெளியூர் நண்பர்கள் அருவியைப் பற்றிக் கேட்பார்கள். அது தென்காசிப் பக்கத்துக் குற்றாலம். எங்களுடையது மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையில், காவிரிக் கரையில் இருக்கும் குத்தாலம். இங்கே தண்ணீர் மேலேயிருந்து விழாது. ஐப்பசி, கார்த்திகையில் தரையிலிருந்து ஊறி வீட்டுக்குள் வரும்.

சில மாதங்களுக்கு முன் இந்தச் சுற்றுவட்டாரக் காலனிகளில் வீடு வீடாக ஒரு கணக்கெடுப்பு செய்தோம். படிவம் வெளியிலிருந்து வந்தது. எடுத்துக்கொண்டு போனவர்கள் கல்லூரி மாணவர்கள், எல்லோரும் நம் பிள்ளைகள். படிவத்தில் ஒரு கேள்வி: 'வீட்டின் தூய்மையும் ஒழுங்கும் – நன்று / சுமார் / மோசம்.' வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாமாம். பார்த்துவிட்டு நாமே டிக் அடிக்க வேண்டுமாம்.

ஒரு தம்பி ஒரு வீட்டுக்கு 'மோசம்' என்று அடித்திருந்தான். மாலையில் படிவங்களைச் சரிபார்க்கும்போது "ஏண்டா?" என்று கேட்டேன். "உள்ள கால் வைக்க இடமில்லக்கா, எல்லாம் கீழயே கெடக்கு" என்றான். மறுநாள் அவனோடு நானும் அந்த வீட்டுக்குப் போனேன்.

பழைய தொகுப்பு வீடு. ஒரு அறை, அடுப்படி என்று சொல்லிக்கொள்ள ஒரு மூலை, முன்னால் சிறு திண்ணை. ஐந்து பேர். அறையின் ஒரு பக்கம் ரேஷன் அரிசி மூட்டை, அதன்மேல் பாய்களும் தலையணைகளும். கிரைண்டர் தரையில், அதன்மேல் மிக்ஸி, மிக்ஸியின்மேல் பாடப் புத்தகங்கள். டிவி ஒரு டிரங்குப் பெட்டியின்மேல். சைக்கிள் உள்ளே, ஏனென்றால் வெளியே விட்டால் மழை. கொடிக்கயிற்றில் ஐந்து பேரின் துணிகள். தம்பி சொன்னது பொய்யில்லை, கால் வைக்க இடமில்லைதான்.

அந்த வீட்டு அம்மாவிடம் "பட்டா இருக்காம்மா?" என்று கேட்டேன். அவர் எழுந்து, சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த ஜவுளிக்கடை மஞ்சள் பையை எடுத்தார். அதற்குள் ஒரு பாலிதீன் கவர், அதற்குள் இன்னொன்று. பட்டா, குடும்ப அட்டை, ஆதார், மூன்று பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ், நூறு நாள் வேலை அட்டை, பெரியவளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். எல்லாம் அரை நிமிடத்தில் வெளியே வந்தன. பை ஏன் அவ்வளவு உயரத்தில் என்று தம்பி கேட்டான். "தண்ணி வந்தா எது போனாலும் இது போவக் கூடாதுல்ல தம்பி" என்றார் அவர்.

எம்.ஏ. சமூகவியல் படித்த எனக்கு என் சொந்தச் சான்றிதழ்களைத் தேடி எடுக்க அரை நாளாகும். அந்த வீட்டில் ஒழுங்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒழுங்கு இருக்கிறது. இடம்தான் இல்லை.

கடந்த இருபது ஆண்டுகளில் அந்த வீட்டுக்குள் எவை வந்தன என்று எண்ணிப் பாருங்கள். 2006 செப்டம்பர் 15 முதல் வண்ணத் தொலைக்காட்சி. 2011 செப்டம்பர் 15 முதல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, பிள்ளைகளுக்கு மடிக்கணினி. (அண்ணா பிறந்த நாளுக்கும் நம் வீட்டுச் சாமான்களுக்கும் அப்படி ஒரு பொருத்தம். மகளிர் உரிமைத் தொகையும் 2023இல் அதே தேதியில்தான் தொடங்கியது.) இலவசம் என்று இவற்றைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அம்மியில் அரைத்த கைகளுக்குத்தான் மிக்ஸியின் விலை தெரியும். நான் சொல்வது வேறு. பொருள்கள் வந்தன. அவற்றை வைக்க ஒரு அலமாரி வரவில்லை.

1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் ஒரு வீட்டின் அளவு 20 சதுர மீட்டர், அதாவது சுமார் 215 சதுர அடி. இன்றைய பிரதமர் வீட்டுத் திட்டத்தில் சமையலிடம் சேர்த்து 25 சதுர மீட்டர். தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லத்தில் 360 சதுர அடி, அரசு தருவது 3.5 லட்சம் ரூபாய். அளவு கூடியிருக்கிறது, நல்லது. ஆனால் நான் பார்த்த பழைய தொகுப்பு வீடுகளில் சுவருக்குள் ஒரு கடப்பாக்கல் தட்டு இல்லை, தலைக்கு மேல் ஒரு பரண் இல்லை, பாத்திரம் கழுவ மேடை இல்லை. கட்டிக் கொடுத்தவர்கள் அங்கே மனிதர்கள் தூங்குவார்கள் என்று மட்டும் நினைத்திருக்கிறார்கள். சமைப்பார்கள், படிப்பார்கள், சேர்த்து வைப்பார்கள் என்று நினைக்கவில்லை. நம்மிடம் வைப்பதற்கு என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணமும் அதில் இருந்திருக்கும்.

மேரி டக்ளஸ் என்ற மானுடவியலாளர் 1966இல் தூய்மையையும் ஆபத்தையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சமூகவியல் மாணவர்கள் எல்லோரும் தேர்வுக்குப் படிப்பார்கள். எதுவும் தன்னளவில் அழுக்கு இல்லை, ஒரு சமூகம் ஒரு பொருளுக்கு ஒதுக்கிய இடத்தை அது மீறும்போதுதான் அழுக்காகத் தெரிகிறது என்பது சுருக்கமாக அவர் வாதம். வகுப்பில் கேட்டபோது எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. இந்த வீட்டில் நின்றபோதுதான் ஒரு கேள்வி வந்தது. இடமே ஒதுக்கப்படாத பொருளை என்ன செய்வது? இடமே ஒதுக்கப்படாத மனிதர்களை?

தஞ்சை டெல்டாவில் இது வெறும் பேச்சுக்கான கேள்வி இல்லை. பண்ணையாள் குடியிருந்த மனை மிராசுதாரருடையது. கூலி கேட்டால் மனை போகும். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி கேட்ட கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்ற சட்டம் 1971இல்தான் வந்தது. அதுவரை நாளை காலி செய் என்றால் காலி செய்ய வேண்டிய இடத்தில் யார் சுவருக்குள் அலமாரி வைப்பார்கள்? பரண் கட்டுவார்கள்? மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போகக்கூடியதை மட்டும் வைத்துக்கொள்வதே அன்று புத்திசாலித்தனம். நம் பாட்டிமார் எல்லாவற்றையும் மூட்டையாகவே வைத்திருந்ததற்கு இப்படி ஒரு வரலாறு உண்டு.

அந்த அம்மா தினமும் காலையில் ஊருக்குள் இரண்டு வீடுகளில் வீட்டு வேலை செய்கிறார். டைல்ஸ் துடைக்கிறார், பாத்திரம் தேய்க்கிறார், கழிப்பறை கழுவுகிறார். அந்த வீடுகளுக்கு யாராவது 'நன்று' என்று டிக் அடித்தால் அந்த டிக் இவருடைய உழைப்புக்குப் போக வேண்டியது. ஆனால் ஒரு வீட்டில் இவர் கொல்லைப்புறமாகத்தான் வர வேண்டும், சாமி அறைப் பக்கம் போகக் கூடாது, காபிக்குத் தனி டம்ளர். சுத்தம் செய்பவர் தீட்டு, அழுக்காக்குபவர் சுத்தம். அழுக்கைத் தண்ணீரில் கழுவலாம். தீட்டு அழுக்கே இல்லை, அதனால்தான் நாம் எத்தனை சோப்புப் போட்டாலும் அது போவதில்லை.

இதனால்தான் நம் தோழர்களில் சிலர் சுத்தம் என்ற பேச்சே பார்ப்பனியம், அதை விட்டுத்தள்ளுங்கள் என்கிறார்கள். கோபம் புரிகிறது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அம்பேத்கர் 1927 மார்ச்சில் மகாதில் சௌதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். சாதி இந்துக்கள் பிறகு மாட்டுச் சாணம், கோமியம், பால், தயிர் கலந்து ஊற்றி அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். (அதே சாணத்தைக் கரைத்துத்தான் தஞ்சைப் பண்ணைகளில் நம் தாத்தாக்களின் வாயில் ஊற்றினார்கள். அங்கே புனிதம், இங்கே தண்டனை.) அதே ஆண்டு டிசம்பரில், மனுஸ்மிருதியை எரித்த அதே மகாத் மாநாட்டையொட்டி, அவர் பெண்களிடம் தனியாகப் பேசினார். தீண்டாமையின் அடையாளமாகிவிட்ட உடையையும் நகையையும் மாற்றச் சொன்னார், சுத்தமாக இருக்கச் சொன்னார். 1942 ஜூலையில் நாக்பூரில் நடந்த பெண்கள் மாநாட்டிலும் சுத்தத்தைப் பற்றிப் பேசினார். இந்தப் பகுதிகளை நம் படிப்பு வட்டங்களில் கூச்சத்தோடு தாண்டிப் போகிறோம். ஏன்? நீ சுத்தமானால் உன்னைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று நிபந்தனை போட்டவர் இல்லை அவர். பொதுக்குளத்தில் உரிமை கேட்டவரும் சுத்தத்தைப் பற்றிப் பேசியவரும் ஒரே ஆள், ஒரே ஆண்டு. தண்ணீரைக் கேட்காமல் சுத்தத்தை மட்டும் பேசுபவர்களிடமிருந்து அவரைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

தண்ணீருக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 46.9 சதவீத வீடுகளில் கழிப்பறை இருந்தது. பட்டியல் சாதியினரின் வீடுகளில் 33.9 சதவீதம்தான். 2014இல் தூய்மை இந்தியா வந்தது, கழிப்பறைக்கு 12,000 ரூபாய். இரட்டை உறிஞ்சுகுழி முறை நல்ல முறைதான். ஒரு குழி நிறைந்தால் அடுத்ததற்கு மாற்றிவிட்டு, பழையதைக் காயவிட்டால் உரமாகும். ஆனால் அது தண்ணீரை உறிஞ்சும் மண்ணுக்கும் ஆழத்தில் இருக்கும் நிலத்தடி நீருக்கும் பொருந்துகிற கணக்கு. எங்கள் மண் களி. கார்த்திகையில் ஒரு முழம் தோண்டினால் தண்ணீர். குழி உறிஞ்சாது, திருப்பித் தள்ளும். இப்படிப்பட்ட இடங்களில் குழியைத் தரைமட்டத்துக்கு மேல் உயர்த்திக் கட்டி, அடிப்பக்கத்தை அடைத்து, சுற்றிலும் மணல் கொட்ட வேண்டும். வழிமுறை இருக்கிறது, செலவு கூடும். 12,000 ரூபாயில் எந்த மேஸ்திரி அதைச் செய்வார்?

விளைவு, அந்தக் கழிப்பறைகளில் விறகும் வரட்டியும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதிகாரிகள் அதைப் படம் எடுத்துக் கூட்டத்தில் போட்டுக் காட்டிச் சிரிக்கிறார்கள். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறேன். நாலு சுவரும் கதவும் கூரையும் உள்ள, மலம் கழிக்க உதவாத ஒரு அறை, சாமான் வைக்க இடமே இல்லாத வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் எந்தக் குடும்பத்தலைவியும் செய்யக்கூடிய அறிவுள்ள காரியம் அதுதான்.

வடிகாலும் இப்படித்தான். ஊர்த்தெருவின் சாக்கடை முடியும் இடத்தில் நம் தெரு தொடங்குகிறது. 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை பெய்தது. எங்கள் மாவட்டம்தான். அதைப் போன்ற மழையில் யார் வீட்டில் முதலில் தண்ணீர் ஏறும் என்பதை வானிலை மையம் சொல்லாது, தெருவின் மட்டம் சொல்லும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுப்பதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். தெருவின் மட்டத்தையும் அப்படியே ஒன்றரை அடி உயர்த்தினால் இன்னும் நன்றாக வரவேற்பேன்.

இதையெல்லாம் அரசிடம் கேட்பது எளிது. அடுத்து நான் கேட்கப் போவது சங்கத் தம்பிகளுக்குப் பிடிக்காது.

2019இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்களுக்கு 97 நிமிடம். அதுவும் ஏதாவது வீட்டு வேலை செய்யும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். இரண்டு வீடுகளைச் சுத்தம் செய்துவிட்டு, நடவுக் காலத்தில் வயலுக்கும் போய்விட்டு, மூன்றாவதாகத் தன் வீட்டைப் பெருக்க வரும் அந்த அம்மாவின் கணக்கு 299க்குள் அடங்குமா தெரியவில்லை. வீட்டில் இரண்டு பெரிய பையன்கள். மூத்தவன் நம்மோடு போஸ்டர் ஒட்ட வருபவன், நன்றாகப் பேசுவான். அவன் போட்டிருந்த நீலச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. யார் மடித்தது என்று நான் கேட்கவில்லை.

வீட்டு வேலை ஒரு சாதிக்கு உரியது என்று சொன்னால் நாம் தெருவுக்கு வருகிறோம். அது ஒரு பாலுக்கு உரியது என்பதை நம் வீட்டுக்குள் வைத்து வளர்க்கிறோம்.

படிவத்தை அனுப்பியவர்களோடு பேசி அந்தக் கேள்வியை எடுக்கச் சொன்னோம். ஒரு வாரம் இழுத்தார்கள், பிறகு சம்மதித்தார்கள். அதற்குப் பதிலாக நாங்கள் வைத்த கேள்விகள் இவை. வீட்டில் எத்தனை தட்டு, எத்தனை பரண்? தண்ணீர் எத்தனை அடி தூரத்திலிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு? கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? மழையில் கழிப்பறை வேலை செய்கிறதா? மனைப் பட்டா யார் பெயரில்? பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கிறது? கடைசியாக, வீட்டை யார் பெருக்குகிறார்கள்? இவற்றின் பதில்களைத் தொகுத்துக் கிராமசபையில் வைக்கலாம், ஆதிதிராவிடர் நலத்துறைக்கு மனுவாகக் கொடுக்கலாம். 'மோசம்' என்ற டிக்கை வைத்துக்கொண்டு யாரிடம் போவது?

அந்த அம்மாவின் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேராகப் போய், கடப்பாக்கல் வாங்கி, அறைச் சுவரில் மூன்று தட்டுகள் வைத்தோம். கொத்தனார் வேலை தெரிந்த தோழர் ஒருவர் கூலி வாங்கவில்லை. கிரைண்டர் தரையிலேயே இருக்கிறது, கனம் அதிகம். புத்தகங்களும் மிக்ஸியும் மேலே ஏறிவிட்டன. மஞ்சள் பை மட்டும் பழைய ஆணியிலேயே தொங்குகிறது. தட்டைவிட ஆணி உயரத்தில் இருக்கிறது என்றார் அந்த அம்மா, அது சரிதான்.

புதிய படிவத்தைக் களத்துக்குக் கொண்டுபோகும் முன் தம்பிகள் எல்லோரையும் அவரவர் வீட்டுக்கு ஒன்று நிரப்பி வரச் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு எல்லோரும் 'அம்மா' என்று எழுதியிருந்தார்கள். 'மோசம்' என்று டிக் அடித்த தம்பி மட்டும் 'அம்மா, அக்கா' என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான்.