நீந்துவது உடலா, உடையா?

மூத்தோர் (மாஸ்டர்ஸ்) பிரிவுப் போட்டிகளிலேனும் பாலியூரித்தேன் நீச்சலுடைகளை அனுமதிக்கலாம், வெல்வது எப்படியும் திறமையே என்று வாதிக்கும் நண்பர், 2009இல் ரோம் உலகப் போட்டியொன்றிலேயே 43 உலக சாதனைகள் பிறந்தமைக்கு என்ன காரணம் கூறுவார்? அவ்வுடைகள் அங்கங்களை இறுக்கி, தேகத்தை நீரில் உயர்த்தி, களைத்தவனின் தளர்ச்சியையும் மறைத்தமையாலன்றோ, சர்வதேச நீச்சல் சம்மேளனம் 2010 ஜனவரி முதல் அவற்றை விலக்கி, ஆடவர்க்கு இடைமுதல் முழங்கால்வரை நெய்த துணியே என்று விதித்தது! நீச்சற்கண்ணாடியும் ஒரு சாதனந்தானே என்று அவர் உதாரணம் காட்டுவதும் பொருந்தாது. கண்ணாடி பார்வையைக் காக்குமேயன்றி உடலை மிதக்கவைக்காது. 1971இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்து, நீந்தியே திரும்பிய வல்வெட்டித்துறை ஆனந்தனைக் கொண்டாடும் நாம், கொச்சிக்கடையிலிருந்து வேலை முடிந்து சுகததாச நீச்சல் தடாகத்திற்கு வரும் நடுவயதினரிடம், சில போட்டிகளிலேயே நைந்துபோகும் விலையுயர்ந்த உடையின்றித் தோற்பீர் என்று சொல்லலாமா?