டெஸ்க்டாப் வந்துவிட்டது, இன்ஜின் சூடாகிவிட்டதா?

கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். டெஸ்க்டாப் தெரிந்தவுடன் நான்கு ஐகான்களை மாறி மாறி டபுள் கிளிக் செய்கிறீர்கள். எதுவும் உடனே திறப்பதில்லை. ஏன்? ஆன்டி வைரஸ் போன்ற புரோகிராம்கள் பின்னணியில் இன்னும் லோட் ஆகிக் கொண்டிருக்கின்றன. கம்ப்யூட்டரில் இப்படி அவசரப்பட்டால் பெரிய நஷ்டம் இல்லை. காரில் அவசரப்பட்டால் செலவுதான்!

பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கிய புதிதில், ஸ்டார்ட் செய்த அடுத்த நிமிடமே பைபாஸில் விரட்டுவேன். மெக்கானிக் அண்ணன் திட்டினார். உடனே தலைகீழாக மாறினேன். தினமும் பத்து நிமிடம் வண்டியை ஐடிலிங்கில் ஓடவிட்டுக் காபி குடித்தேன். அடுத்த சர்வீஸில் அவர் டிப் ஸ்டிக்கை எடுத்து என் மூக்கருகே நீட்டினார். ஆயிலில் பெட்ரோல் வாடை!

காரணம் என்ன? இன்றைய காரிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதன் பெயர் இசியூ. கூலன்ட் குளிர்ந்திருப்பதை சென்சார் சொன்னால், இசியூ கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கும். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாது. மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். நின்றபடியே ஓடும் இன்ஜின் மெதுவாகத்தான் சூடாகும். எனவே இது நீண்ட நேரம் தொடரும்.

அதற்காக எடுத்தவுடன் விரட்டலாமா? கூடாது. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும். அலுமினிய பிஸ்டனும் அதைச் சுற்றியுள்ள பாகங்களும் ஒரே வேகத்தில் விரிவடைவதில்லை. அந்த நேரத்தில் அதிக ஆர்.பி.எம். கொடுத்தால் தேய்மானம் கூடும்.

என் கருத்து இதுதான். ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் பொறுங்கள். பிறகு கிளம்பிவிடுங்கள். முதல் சில கிலோமீட்டர் ஆக்ஸிலேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்காமல், 2500 ஆர்.பி.எம்.முக்குள் ஓட்டுங்கள். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டதா? அது காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. ஆயில் சூடாக இன்னும் நேரமாகும். எனவே மேலும் ஐந்து நிமிடம் நிதானம் தேவை. முள் இல்லாத பல கார்களில் நீல நிற விளக்கு இருக்கும். அது அணைந்த பிறகும் இதே விதிதான்.

நம்ப முடியவில்லையா? டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஒரு புளூடூத் ரீடரைச் செருகுங்கள். கூலன்ட் டெம்பரேச்சரை உங்கள் மொபைலிலேயே பார்க்கலாம். நானும் பார்த்தேன். ஐடிலிங்கில் பத்து நிமிடத்தில் ஏறிய சூடு, நிதானமாக ஓட்டியபோது பாதி நேரத்தில் ஏறிவிட்டது.

ஓர் எச்சரிக்கை. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரையே பறித்துவிடும்.

டிரைவிங் பள்ளியில் எனக்குக் கிளட்ச்சும் கியரும் கற்றுத் தந்தார்கள். இந்த ஐந்து நிமிடப் பொறுமையை யாரும் சொல்லித் தரவில்லை. நான் பணம் கட்டிக் கற்றுக் கொண்டேன். நீங்கள் படித்தே தெரிந்து கொள்ளுங்களேன்!